நாற்பது விழுக்காடு

சென்னையின் மேற்குப் புறநகரான காட்டுப்பாக்கத்தில் இரண்டு மூன்று தலைமுறைகளாகக் குடியிருந்துவரும் குடும்பங்களின் பீரோக்களில், ரேஷன் கார்டு, பட்டா, கிரயப் பத்திரம் ஆகியவற்றோடு ஒரே பாலிதீன் பையில் பத்திரப்படுத்தப்பட்டிருக்கும் பொருள்களுள், ஊனமுற்றோர் அடையாள அட்டை என்று அன்று வழங்கப்பட்ட சிறு புத்தகமும் ஒன்றாகும். அதன் முதற்பக்கத்தில் அரசு முத்திரை பாதி ஏறிய கறுப்பு வெள்ளைப் புகைப்படமும், குறைபாட்டின் வகையும், மருத்துவர் பேனாவால் எழுதிய விழுக்காடும் இருக்கும். பின்பக்கங்களில் மூன்று சக்கர வண்டி, காலிப்பர், ஊன்றுகோல் என அவ்வப்போது வழங்கப்பட்டவை தேதியிட்டுக் குறிக்கப்பட்டிருக்கும். பையைத் திறந்ததும் எழும் அந்துருண்டை மணத்தோடு வெளியே வருவது அப்புத்தகம் மட்டுமன்று. நான்காக மடிக்கப்பட்டு, மடிப்பில் கிழியத் தொடங்கிவிட்ட தள்ளுபடித் தாள்களும் கூடவே வரும். வழங்கப்பட்டதைப் புத்தகமும் மறுக்கப்பட்டதை இத்தாள்களும் சொல்வதால், இவ்வட்டாரத்தின் அரை நூற்றாண்டு வாழ்வை அறிய விரும்புவோர் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆதரவற்ற முதியோருக்கான ஓய்வூதியம் 1962இல் தொடங்கப்பட்டது. ஆதரவற்ற உடல் ஊனமுற்றோருக்கான ஓய்வூதியம் 1974இல் வந்தது. இன்று மாற்றுத்திறனாளிகள் பெறும் மாதாந்திர உதவி இரண்டு வாய்க்கால்களில் வருகிறது. ஒன்று, வருவாய்த் துறையின் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவு, தாலுகாதோறும் உள்ள தனி வட்டாட்சியர் வழியாக வழங்கும் ஓய்வூதியம். மற்றொன்று, கடுமையாகப் பாதிக்கப்பட்டோர், அறிவுசார் குறைபாடுடையோர், தசைச்சிதைவு நோயாளிகள், தொழுநோயால் பாதிக்கப்பட்டோர் முதலியோருக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை. ஒருவருக்கு இவ்விரண்டில் ஒன்றே கிடைக்கும் என்பது விதி. இந்த விதியை அறியாமல் இரண்டு அலுவலகங்களிலும் மனுக் கொடுத்துவிட்டு, இரண்டாவது மனு தள்ளுபடியானதைக் கண்டு, முதலாவதும் போய்விடுமோ என்று அஞ்சிய தாய்மார்கள் இப்பகுதியில் பலர்.

ஓய்வூதியம் மணியார்டராக வந்த காலத்தை ஊரில் வயதானவர்கள் இன்னும் மறக்கவில்லை. தபால்காரர் மிதிவண்டியை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு, திண்ணையில் அமர்ந்து, காக்கிப் பையிலிருந்து மசிப்பெட்டியை எடுத்துத் திறப்பார். பயனாளியின் இடது கைப் பெருவிரலைத் தாமே பிடித்து மசியில் உருட்டி, படிவத்தின் கட்டத்துக்குள் அழுத்தி எடுப்பார். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவரை அழைத்துச் சாட்சிக் கையெழுத்து வாங்குவார். பிறகு நோட்டுகளை இருமுறை எண்ணிக் கொடுப்பார். அதில் ஓரிரு ரூபாயை டீச் செலவுக்கென்று திருப்பிக் கொடுப்பது அக்காலத்து வழக்கமாக இருந்தது. கொடுத்தவர்களும் அதை இழப்பாக நினைக்கவில்லை. கை விரல்களே இல்லாதவர்களுக்குக் கால் பெருவிரலின் பதிவை எடுத்துக்கொண்டதாகவும் நினைவுகூர்கிறார்கள். தபால்காரருக்கு ஆளைத் தெரியும் என்பதே அம்முறையின் வலிமை. ஆனால் சிகிச்சைக்காகத் தங்கை வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போயிருந்தவரின் பணம் திரும்பிச் சென்று, தொடர்ந்து திரும்பினால் பெயரே பட்டியலிலிருந்து நீங்கிவிடுவதும் உண்டு. நீங்கிய பெயரை மீண்டும் சேர்ப்பதற்குப் புதிய மனுவும் புதிய விசாரணையும் தேவைப்பட்டன.

அந்த விசாரணைதான் அன்றைய மறுப்புகளின் பிறப்பிடமாக இருந்தது. கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் வீட்டுக்கு வந்து பார்த்து எழுதும் அறிக்கையில், மனுதாரர் ‘ஆதரவற்றவர்’ என்று நிறுவப்பட வேண்டும். வயது வந்த மகன் இருந்தால் அவன் காப்பாற்றுவான் எனக் கொள்ளப்பட்டதால், குடும்பத்தை விட்டு ஓடிப்போன மகனும், குடித்துவிட்டு வந்து தாயின் பணத்தைப் பிடுங்கும் மகனும் ஆதரவுக் கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். ஓட்டு வீட்டுக்கு முன் ஒரு தளம் போட்ட அறை இருந்தால் அது சொத்தாகியது. போலியோவால் இரு கால்களும் சூம்பிய ஒருவர், குமணன்சாவடிக்குப் போகும் சாலையோரம் பலகைத் தட்டி ஒன்றைப் போட்டு ரேடியோ பழுதுபார்த்து வந்தார். விசாரணைக்கு வந்தவர் அத்தட்டியைப் பார்த்து ‘தொழில் செய்கிறார்’ என்று எழுதிச் சென்றார். அவர் நாளொன்றுக்கு என்ன சம்பாதித்தார், மழைக்காலத்தில் எத்தனை நாள் தட்டியைத் திறக்க முடிந்தது என்பவை அறிக்கையில் இடம்பெறவில்லை. பிறரை அண்டாமல் வாழ முயன்றதே அவருக்கு எதிரான சாட்சியமாயிற்று என்பதை, அந்தத் தெருவில் வளர்ந்தவர்கள் இன்றும் கோபத்தோடுதான் சொல்கிறார்கள், அக்கோபம் நியாயமானது.

மனுவின் மற்றொரு பாதி மருத்துவமனையில் இருந்தது. விழுக்காடு எனப்பட்டு, மக்கள் வாயில் ‘பர்சன்டேஜ்’ ஆகிப்போன அந்த எண், உடலுறுப்பு ஒன்றின் நிலையான இழப்பை மருத்துவர் அல்லது மருத்துவக் குழு அரசின் வழிகாட்டு நெறிமுறைப்படி அளந்து தரும் மதிப்பாகும். 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்று, அவற்றில் 40 விழுக்காட்டுக்குக் குறையாதவரையே ஊனமுற்றவர் என வரையறுத்தது. 2016இல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகைகளை 21 ஆக்கிய போதிலும், பெரும்பாலான சலுகைகளுக்கு அதே 40 என்னும் வரம்பையே தொடர்ந்தது. மாநில ஓய்வூதியத்திலோ முன்பு 60 விழுக்காடு கேட்கப்பட்டுப் பின்னரே 40 ஆகக் குறைக்கப்பட்டது. 2009இல் மத்திய அரசு தொடங்கிய இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டம் 80 விழுக்காடும் வறுமைக்கோட்டுப் பட்டியலும் கேட்டது; இன்றும் கேட்கிறது; 2012இல் நிர்ணயித்த மாதம் 300 ரூபாயே இன்றுவரை அதன் பங்கு. ஒரே மனிதர் 55 விழுக்காட்டோடு ஒரு காலத்தில் தகுதியற்றவராகவும், வேறொரு காலத்தில் தகுதியுள்ளவராகவும், வேறொரு திட்டத்தில் எக்காலத்திலும் தகுதியற்றவராகவும் இருந்தமைக்கு அவர் உடலில் நேர்ந்த மாற்றம் எதுவும் காரணமன்று.

இவ்வளவு கணக்கும் ஒரு மனிதர் மேல் எப்படி இறங்குகிறது என்பதற்கு ஒற்றைக் கண் இழந்தோரே தெளிவான சான்று. ஒரு கண் முற்றிலும் பார்வையற்றுப் போய், மறு கண் இயல்பாக இருந்தால், நெறிமுறையின் அட்டவணை தரும் மதிப்பு 30 விழுக்காடு. வெல்டிங் பட்டறையில் தெறித்த இரும்புத் துகளாலோ, தீபாவளி வெடியாலோ கண்ணை இழந்த இளைஞர்கள் மேற்குப் புறநகரில் குறைவில்லை. ஓட்டுநர் வேலையும் இயந்திர வேலையும் அவர்களுக்கு மூடிப்போகின்றன. எனினும் 30 என்று எழுதிய சான்றிதழைக் கொண்டு ஓய்வூதியம் கேட்க முடியாது. காது கேளாமையிலும் இதே நிலை: இரு காதுகளிலும் 60 டெசிபெல் அளவுக்கு இழப்பு இருந்தாலொழிய, ஒரு காது முழுவதும் அடைத்துப்போனாலும் அது சட்டத்தின் பார்வையில் குறைபாடு ஆகாது.

பலருக்கும் தெரியாத ஒரு வழி இங்கே உண்டு. ஒருவருக்கு இரண்டு குறைபாடுகள் இருந்தால் அவற்றை வெறுமனே கூட்டுவதில்லை. பெரிய எண்ணை 90இலிருந்து கழித்து, மீதியைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்து, வந்ததைப் பெரிய எண்ணோடு சேர்க்க வேண்டும் என்று நெறிமுறை சொல்கிறது. ஒற்றைக் கண்ணுக்கு 30 பெற்றவருக்கு, பழைய எலும்பு முறிவால் முழங்கால் மடங்காமல் போய் அதற்கு 15 மதிப்பிடப்பட்டால், 60ஐ 15ஆல் பெருக்கி 90ஆல் வகுக்க 10 வரும். 30உம் 10உம் 40. வாசலில் நிறுத்தப்பட்டவர் உள்ளே வந்துவிடுகிறார். ஆனால் கண் மருத்துவரிடம் கண்ணை மட்டும் காட்டிவிட்டுத் திரும்புபவரிடம், காலையும் எலும்பு மருத்துவரிடம் காட்டும்படி சொல்வதற்கு அங்கே ஆள் இருப்பது அரிது. மறுக்கப்பட்ட மனுக்களில் எத்தனை இந்த ஒரு சொல் கிடைக்காததால் மறுக்கப்பட்டவை என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

பார்வையற்றோரை இவ்வட்டாரம் பிற ஊர்களைவிட நன்கு அறியும். பூந்தமல்லியில் பார்வையற்ற மாணவர்க்கான அரசுப் பள்ளியும், பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இருப்பதால், 54ஆம் எண் பேருந்தில் வெள்ளைக் கோலோடு ஏறும் மாணவர்களுக்கு முன்னிருக்கையை விட்டுக்கொடுப்பது காட்டுப்பாக்கத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டாத பழக்கமாக இருந்தது. நிறுத்தத்தின் பெயரை நடத்துநர் உரக்கச் சொல்வார். அவர் மறந்தால் பயணிகள் சொல்வார்கள். ஊர் இப்படித் தெரிந்துவைத்திருந்த உண்மையைக் காகிதத்தில் நிறுவுவதற்குத்தான் அம்மாணவர்களின் பெற்றோர் ஊர் ஊராக அலைய நேர்ந்தது.

அலைச்சலைச் சொல்லும்போது எல்லைகளையும் சொல்ல வேண்டும். மேற்குப் புறநகர்கள் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்தில் இருந்தவரை மாவட்டத் தலைநகர் காஞ்சிபுரம். 1997 ஜூலையில் திருவள்ளூர் தனி மாவட்டமான பின், காட்டுப்பாக்கத்தார் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவள்ளூருக்குப் போக வேண்டியதாயிற்று. இன்றைய நிலை இன்னும் சிக்கலானது. மவுண்ட் – பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போரூரிலிருந்து மேற்கே வருபவர், சில கிலோமீட்டருக்குள் மூன்று மாவட்டங்களைக் கடந்துவிடுகிறார்: போரூர் சென்னை மாவட்டம், ஐயப்பன்தாங்கல் காஞ்சிபுரம் மாவட்டம், காட்டுப்பாக்கம் திருவள்ளூர் மாவட்டம். வாடகை ஏறியதால் ஐயப்பன்தாங்கலிலிருந்து அடுத்த நிறுத்தமான காட்டுப்பாக்கத்துக்கு வீடு மாற்றிய குடும்பம், தான் மாவட்டம் மாறிவிட்டதையே அறியாமல் இருக்கும். ரேஷன் கார்டு பழைய முகவரியிலும், ஆதார் புதிய முகவரியிலும், மருத்துவச் சான்று மூன்றாவது மாவட்டத்திலும் இருக்க, மனு ‘எல்லைக்கு உட்பட்டவர் அல்லர்’ என்ற குறிப்போடு திரும்பும். அருகிலேயே பெரிய மருத்துவமனைகள் பல இருந்தும், தனியார் மருத்துவர் தரும் சான்று செல்லாது. அரசு நியமித்த சான்றளிக்கும் அதிகாரியே எழுத வேண்டும் என்பதையும், பல குடும்பங்கள் பெருந்தொகை செலவழித்துப் பரிசோதனைகளைச் செய்து முடித்த பிறகே அறிந்துகொண்டன.

பெயரும் ஒரு தடையாகும். தமிழர் பெயரில் தந்தையின் பெயர் தலைப்பெழுத்தாக முன்னால் நிற்பது வழக்கம். ஆதாரிலோ அது சில வேளைகளில் விரிந்து பெயருக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்கிறது. வங்கிப் புத்தகத்தில் அதுவும் இல்லாமல் வெறும் பெயர் மட்டும் இருக்கிறது. 2021 ஜூன் முதல் ஊனச் சான்றிதழ் இணையவழியில், யு.டி.ஐ.டி. எனப்படும் நாடளாவிய தனித்த அடையாள அட்டைத் திட்டத்தின் வழியாக மட்டுமே வழங்கப்பட வேண்டும் என்று ஆனபின், இந்த மூன்று பெயர்களும் ஒரே ஆளுடையவை என்று கணினிக்கு விளக்குவது மனுதாரரின் பொறுப்பாகிவிட்டது. பீரோவில் இருக்கும் பழைய புத்தகத்துக்கு மாற்றாக வந்த அட்டை, 40க்குக் குறைந்தவருக்கு வெள்ளையும், 40 முதல் 80க்குள் இருப்பவருக்கு மஞ்சளும், 80உம் அதற்கு மேலும் உள்ளவருக்கு நீலமுமாக நிறம் பிரிக்கப்பட்டது. இ-சேவை மையத்துப் பையன் திரையைத் திருப்பிக் காட்டி, “அம்மா, ரிஜெக்ட்னு வந்திருக்கு, காரணம் பேரு மிஸ்மேட்ச்” என்று சொல்லும் இடத்தில், விசாரணைக்கு வீடு தேடி வந்த பழைய வருவாய் ஆய்வாளரிடம் செய்ததைப் போல வாதாடுவதற்கு எதிரே யாரும் இல்லை.

மேற்கண்ட காரணங்கள் யாவும் கடுமையானவையே எனினும், இவ்வூரின் நினைவில் ஆழமாகப் பதிந்திருக்கும் மறுப்புகள் வேறொரு வகையைச் சேர்ந்தவை: எந்தக் குறைபாட்டுக்காக உதவி கேட்கப்படுகிறதோ, அக்குறைபாடே அதை நிரூபிக்கும் வழியை அடைத்துவிடும் மறுப்புகள்.

மனநோயை எடுத்துக்கொள்ளலாம். 1995ஆம் ஆண்டின் சட்டத்திலேயே மனநோய் ஊனங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. இத்துறையில் சென்னைக்குத் தனித்த பங்கு உண்டு. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான டாக்டர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் எனப்படும் மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பு இங்கிருந்துதான் இயங்குகிறது. மனநோயால் விளையும் இயலாமையை அளக்க இந்திய மருத்துவர்கள் வகுத்த ஐடியாஸ் என்னும் அளவுகோல், தன்னைத் தான் பேணல், பிறரோடு பழகுதல், பேசுதலும் புரிந்துகொள்ளுதலும், வேலை ஆகிய நான்கையும் நோய் நீடித்த காலத்தையும் கணக்கிட்டு மதிப்பெண் தருகிறது. மொத்த மதிப்பெண் 7ஐ எட்டினால் 40 விழுக்காடு. அளவுகோல் நல்லது. ஆனால் அது கேள்வி கேட்பது, தனக்கு நோயே இல்லை என்று உறுதியாக நம்பும் நோயாளியிடம்.

காட்டுப்பாக்கத்தில் கணவனை இழந்த ஒரு தாய், மனச்சிதைவு நோய்க்கு ஆளான மகனை மருத்துவக் குழுவின் முன் அழைத்துச் சென்ற நாளை அக்கம்பக்கத்தார் பல ஆண்டுகள் கழித்தும் பேசிக்கொண்டிருந்தார்கள். விடிவதற்கு முன்பே எழுப்பிக் குளிக்கவைத்து, தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையை அணிவித்து, பெரிய மனிதர்கள் முன்னால் மரியாதையாக இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லியே அழைத்துப்போனார். மகனும் தாய் சொல் தட்டவில்லை. பெயரைக் கேட்டபோது சொன்னான்; தேதியைக் கேட்டபோது சரியாகச் சொன்னான்; சமைக்கத் தெரியுமா, கடைக்குப் போவாயா என்று கேட்டதற்கெல்லாம் தலையசைத்தான்; உடம்புக்கு என்ன என்று கேட்டதும், “எனக்கு ஒண்ணும் இல்ல சார், அம்மாதான் கூட்டிட்டு வந்தாங்க” என்றான். தாய் குறுக்கிட்டு, “இன்னிக்கி நல்லா இருக்கான் சார், ராத்திரியில வந்து பாக்கணும் சார்” என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் எழுதியது மகனின் பதில்களை. சட்டையைத் தேய்த்துப் போட்டது தன் குற்றமோ என்று அந்தத் தாய் தெருவில் பலரிடமும் கேட்டார். குற்றம் அவருடையதன்று, தொடர் சிகிச்சைக் குறிப்புகளையும் வீட்டார் வாக்குமூலத்தையும் போதிய அளவு எடைபோடாமல், கால் மணி நேரச் சந்திப்பில் ஓர் ஆண்டின் நிலையை அளக்க முயன்ற நடைமுறையுடையது.

ஆட்டிசம் எனப்படும் புறவுலகச் சிந்தனைக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு நேர்ந்ததும் இதற்கு அண்மையானதே. 1995ஆம் ஆண்டின் ஏழு வகைகளில் ஆட்டிசம் இல்லை. ஆகவே அப்பிள்ளைகள் அறிவுத்திறன் சோதனைக்கு அனுப்பப்பட்டார்கள். நுண்ணறிவு எண் 70க்குக் குறைந்தால் அறிவுசார் குறைபாடு என்ற தலைப்பின் கீழ்ச் சான்று கிடைத்தது. எண் கூடுதலாக இருந்தால் எதுவுமே இல்லை. ஒரு வினாடியும் தனியே விட முடியாத பிள்ளையை இடுப்பில் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு வரிசையில் நின்ற தாயிடம், பிள்ளை புத்திசாலி என்று சொல்லித் திருப்பியனுப்பிய நிகழ்வு அக்காலத்தில் ஒன்றன்று. 2016ஆம் ஆண்டின் சட்டம் இப்பிழையை நீக்கியது. ஆயினும் வளரும் பிள்ளைகளின் சான்றுகள் குறிப்பிட்ட வயதில் புதுப்பிக்கப்பட வேண்டியவையாதலால், காலாவதியான தேதியைக் கவனிக்காமல் விட்ட குடும்பத்துக்கு உதவி நின்றுபோகும் வாய்ப்பு இன்றும் இருக்கிறது. பக்கவாதம் முதலிய நரம்பு சார்ந்த பாதிப்புகளில் நோய் தொடங்கி ஆறு மாதமாவது கழிந்த பின்னரே நிலையான இழப்பை அளக்க வேண்டும் என்பது மருத்துவ அடிப்படையில் சரியே. ஆனால் குடும்பத்தின் கைப்பொருள் கரைவது அந்த ஆறு மாதத்தில்தான்.

அம்பத்தூரை விட்டுவிட்டு மேற்குப் புறநகரின் ஊனத்தைப் பற்றிப் பேச இயலாது. 1960களில் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பிரஸ் ஷாப்புகளில், தகட்டை அச்சில் வைத்துக் கையை இழுப்பதற்குள் பவர் பிரஸ் இறங்கியதால் விரல் இழந்தோர் காட்டுப்பாக்கம், செந்நீர்க்குப்பம், திருவேற்காடு என எங்கும் இருந்தார்கள். டீக்கடையில் கண்ணாடிக் கிளாசை இரண்டு விரலால் பிடிப்பவரைப் பார்த்ததும், எந்தப் பிரஸ் என்று கேட்கும் அளவுக்கு அது ஊரறிந்த காயமாக இருந்தது. இவர்களுக்கு வேறொரு சட்டம், வேறொரு அட்டவணை. 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் காப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, உழைத்துப் பொருளீட்டும் திறனில் ஏற்பட்ட இழப்பைக் கணக்கிட்டு, பெருவிரலுக்கு 30, முழுச் சுட்டு விரலுக்கு 14, நடு விரலுக்கு 12, மோதிர விரல் அல்லது சுண்டு விரலுக்கு 7 விழுக்காடு என வகுத்திருந்தது. அம்மதிப்பு வேறு, அரசு மருத்துவர் அடையாள அட்டைக்காக அளக்கும் மதிப்பு வேறு. ஒரே கைக்கு இரண்டு எண்களைக் கையில் வைத்திருந்தவரிடம் எது உண்மை என்று கேட்ட அலுவலர்களும் உண்டு; இரண்டும் உண்மையே, இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள் என்று விளக்க அத்தொழிலாளிக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒப்பந்தத் தொழிலாளர்களின் நிலை இன்னும் மோசம். விபத்து நாளில் அவர்கள் பெயர் ஈ.எஸ்.ஐ. பதிவேட்டிலேயே இருக்காது, அல்லது விபத்து அறிக்கையை முதலாளி அனுப்பியிருக்க மாட்டார், முதலுதவிக்கு அழைத்துச் சென்றவர்களே மருத்துவமனைச் சீட்டில் ‘வீட்டில் அடிபட்டது’ என்று எழுதவைத்திருப்பார்கள். அந்த ஒரு வரி வாழ்நாள் முழுவதற்குமான உதவித்தொகையை அழித்துவிடும்.

மணியார்டர் நின்று, உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு மாறியபோது, இடைத்தரகும் கையூட்டும் குறையும் என்று எதிர்பார்க்கப்பட்டது. பெருமளவு குறைந்தும் இருக்கிறது. ஆனால் தபால்காரர் அறிந்திருந்த முகத்தின் இடத்தை இப்போது விரல் ரேகை பிடித்துக்கொண்டது. தொழுநோயிலிருந்து முழுவதும் குணமாகி, ஆனால் விரல்கள் குறுகி மடங்கிப்போன ஒரு முதியவள், கையடக்க இயந்திரத்தோடு வரும் வங்கி முகவர் முன் அமர்ந்திருந்த காட்சி ஊரில் பலர் கண்டது. சோப்புப் போட்டுக் கையைக் கழுவி வந்து, முந்தானையில் துடைத்து, மிஞ்சியிருந்த விரல் நுனிகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேல் வைத்தாள். சிவப்பு விளக்கே எரிந்தது. முகவர் இளைஞர், இரக்கமுள்ளவர், “இன்னொரு வாட்டி வைங்க பாட்டி, கொஞ்சம் அழுத்தி” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உணர்ச்சியற்ற விரலுக்கு எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. ரேகை பதியாதவர்களுக்கு கருவிழிப் பதிவு முதலிய மாற்று வழிகளைப் பயன்படுத்த வேண்டும் என்று ஆதார் ஆணையமே அறிவுறுத்தியுள்ளது. அம்மாற்று வழி, அந்தத் திண்ணைக்கு அந்த இயந்திரத்தோடு வந்து சேரவில்லை. அவளுக்குத் தகுதி இருந்தது, உத்தரவு இருந்தது, கணக்கில் பணமும் இருந்தது.

பிற நாடுகளிலும் இக்குறை இல்லாமலில்லை. அமெரிக்காவில் ஊனக் காப்பீட்டுத் தொகை கேட்போரில் பெரும்பாலோர் முதல் விண்ணப்பத்தில் மறுக்கப்படுகிறார்கள்; அவர்களில் பலர் மேல்முறையீட்டுக்குச் செல்கிறார்கள். பன்னிரண்டு மாதம் நீடிக்கும் அல்லது உயிரைப் பறிக்கும் பாதிப்பாக இருக்க வேண்டும் என்பது அங்கே நிபந்தனை. ஆனால் அங்கே முதல் மறுப்பு முடிவன்று என்பதை மனுதாரர்களும் வழக்கறிஞர்களும் அறிந்திருக்கிறார்கள். இங்கே முதல் தள்ளுபடித் தாளோடு பீரோ பூட்டப்பட்டுவிடுகிறது என்பதே வேறுபாடு.

கேட்கப்படும் தொகையும் பெரியதன்று. 2011இல் 500இலிருந்து 1,000 ஆக உயர்ந்த தமிழ்நாட்டின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம், 2023 ஜனவரியில் 1,500 ரூபாயாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் முதியோர் ஓய்வூதியம் 1,200 ஆக்கப்பட்டது. ஊனமுற்றோருக்கான உதவி பிறருக்கான அதையொத்த உதவியைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. 1,200க்கு 25 விழுக்காடு சேர்த்தால் 1,500 என்பதால், இத்தொகை சட்டம் விதித்த அடிமட்டத்தில் துல்லியமாக நிற்கிறது. அண்டை மாநிலமான ஆந்திரத்தில் 2024இல் இது 6,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் சாலையில் அமர்ந்து கேட்பது இந்த ஒப்பீட்டை முன்வைத்துத்தான். அவர்கள் கேட்பது மிகையில்லை.

காட்டுப்பாக்கத்தில் வயல்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளாகிவிட்டன. சாலையின் நடுவே மெட்ரோ தூண்கள் எழுந்துவிட்டன. பழைய புத்தகங்களில் போலியோ என்று எழுதப்பட்ட தலைமுறைக்குப் பின், 2014இல் இந்தியா போலியோ அற்ற நாடாக அறிவிக்கப்பட்டதால், புதிய தலைமுறையின் அட்டைகளில் அந்தச் சொல் இடம்பெறுவது அரிது. மாறாக, நெடுஞ்சாலை விபத்தும் பக்கவாதமும் நீரிழிவு நோயால் பார்வை மங்குவதுமாக வேறு உடல்கள் அதே வரிசையில் நிற்கின்றன. அவர்களுக்கும் அவர்களை அழைத்துச் செல்வோருக்கும் ஒரு செய்தி சொல்லத்தக்கது. ஊனச் சான்றிதழ் மறுக்கப்பட்டால், அம்மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் தருவதற்கு 2017ஆம் ஆண்டு விதிகளில் எட்டாம் படிவம் என்று ஒரு படிவமே இருக்கிறது. அம்முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையை 2016ஆம் ஆண்டின் சட்டத்தின் 59ஆம் பிரிவு தருகிறது. ஓய்வூதிய மனுவைப் பொறுத்தவரை, திங்கட்கிழமைதோறும் திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர் நாள் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. வாய்ச்சொல்லாகச் சொல்லப்படும் ‘முடியாது’ என்பதை ஏற்றுக்கொண்டு திரும்ப வேண்டாம். எட்டாம் படிவத்தைக் கேளுங்கள். அதை வாங்கிக்கொண்டு வாருங்கள்.